பெயரில்லாத டப்பாவை முதலில் எடுத்து வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 24. முகத்துக்கு சோப்பு, தலைக்கு ஷாம்பு என்பதோடு இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். இனிமேலாவது முறையாகப் பராமரிக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். ஒரு கருவியில் முகத்தைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு ஃபேஸ்வாஷ், ஸ்கிரப், டோனர், வைட்டமின் சி சீரம், ரெட்டினால் சீரம், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் என்று ஏழு பொருள்களைக் கொடுத்தார்கள். இவற்றை எந்த வரிசையில் பூச வேண்டும்? முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது, பொடுகும் இருக்கிறது. ஹேர் சீரம் வாங்கலாமா? மூன்று மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சல் வந்து போனது. அழகு நிலையத்தில் ஒருவர் கொடுத்த நைட் கிரீமை நான்கு மாதமாகப் பூசுகிறேன். அதில் முகம் நன்றாகப் பளிச்சிட்டது. ஒரு நாள் பூசாமல் விட்டால் மட்டும் எரிகிறது. டப்பாவில் பெயர் எதுவும் இல்லை.

பதில்: நீங்கள் கேட்டது ஏழு பொருள்களின் வரிசையை. எனக்குக் கவலை தருவது போகிறபோக்கில் நீங்கள் கடைசியாக எழுதிய வரிகள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பூசினால் பளிச்சிடும், நிறுத்தினால் எரியும், டப்பாவில் பெயர் இருக்காது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிப்பேன். ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் நானே எழுதித் தருகிறேன். ஆனால் முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரியும், பரு வரும், பூனைமுடி அடர்த்தியாகும், வெயிலில் நின்றால் முகம் தகதகவென்று எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி பூசுவார்கள், உடனே அடங்கும். இந்தச் சுழலில் சிக்கிய முகங்களை வாரந்தவறாமல் பார்க்கிறேன். சென்ற மாதம் வந்த ஒரு பெண் காகிதத்தில் சுற்றிய டப்பா ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமலே என் மேசையில் வைத்தார். ‘இதில்லாமல் வெளியே போகவே முடியவில்லை டாக்டர்’ என்றார். அவருடைய கன்னம் வெங்காயத் தோல்போல மெலிந்து சிவந்திருந்தது.

பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன். ஸ்டீராய்டுகளின் இந்தப் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த முகக் கிரீமிலாவது இவற்றில் ஒன்று இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. மருத்துவரின் சீட்டுடன் விற்க வேண்டிய இதைச் சீட்டே கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற கடைகள் ஏராளம். லேபிளே ஒட்டாமல் கிலோக்கணக்கில் வாங்கிச் சின்ன டப்பாக்களில் அடைத்து ‘எங்கள் சொந்தத் தயாரிப்பு’ என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். விதி இருக்கிறது, தண்டனையும் எழுதப்பட்டிருக்கிறது. கடைக்குள் நுழைந்து பார்க்கத்தான் ஆள் வருவதில்லை. முகம் கெட்டவர் பணம் செலவழித்து எங்களிடம் வருகிறார், கெடுத்தவர் அடுத்த டப்பாவை விற்றுக்கொண்டிருக்கிறார். எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் இது எனக்குப் பழகவில்லை.

பொதுவாக, புதிதாகப் பராமரிப்பைத் தொடங்க வருகிறவர்களிடம் ‘இப்போது பூசுவதையெல்லாம் இன்றே நிறுத்துங்கள்’ என்பேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கு நீங்கள்தான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஸ்டீராய்டை ஓரிரு வாரம் மட்டும் பூசியவர் சட்டென்று நிறுத்திவிடலாம். நான்கு மாதம் பூசியவர் துணையில்லாமல் நிறுத்தினால் சில நாள்களிலோ சில வாரங்களிலோ முகம் சிவந்து, கொதித்து, சீழ்ப் பருக்கள் கிளம்பக்கூடும். பயந்துபோய் மறுபடி அதையே பூசுவார், அல்லது அதைவிடக் கடுமையான ஒன்றை யாராவது கையில் திணிப்பார்கள். எனவே இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஒரேயடியாக நிறுத்திவிட்டு எரிச்சலுக்கு வேறு மருந்து தருவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்வார். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள், அதன்மேல் வேறெதையும் பூசாதீர்கள்.

இந்த விதிவிலக்குக்குள்ளும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கொடுத்தவர் எப்போதாவது ‘தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசுங்கள்’ என்று சொன்னாரா? நன்றாக நினைத்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் அதில் பாதரசம் இருக்க வாய்ப்புண்டு. பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படியானால் படிப்படியாக விடுகிற பேச்சே கிடையாது. இன்றே நிறுத்துங்கள். டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள், கையைக் கழுவுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 2013-இல் நாடுகள் கூடி ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை, கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கலந்த அழகுப் பொருள்களை 2020-க்குப் பிறகு தயாரிக்கக் கூடாது என்றது. 2023-இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, அறவே சேர்க்கக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். சந்தையில் இன்னும் கிடைக்கிறது.

இனி அந்த ஏழு பொருள்கள். உங்கள் முகம் இப்போது இருக்கிற நிலையில் மூன்று போதும்: ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மற்ற நான்கையும் திறக்காமல் எடுத்து வையுங்கள், முடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரெட்டினாலும் வைட்டமின் சியும் கெட்டவை அல்ல, மெலிந்து எரிகிற தோலில் வைக்க வேண்டியவை அல்ல. ஸ்கிரப் உங்களுக்கு இப்போது வேண்டவே வேண்டாம். டோனர் இல்லாமல் எந்த முகமும் கெட்டுப்போனதில்லை.

சாதாரண சோப்பு ஏன் கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். நம் தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அதன் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-ஐ ஒட்டியிருக்கும். சோப்புக் கட்டியின் பிஎச் பெரும்பாலும் 9-இலிருந்து 10 வரை போகும். கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறதே, அதைச் சுத்தத்தின் அடையாளம் என்று நினைக்கிறோம். தோலின் எண்ணெய்ப் பசையை உரித்து எடுத்ததன் அடையாளம் அது. நுரை குறைவாக வரும், வாசனை சேர்க்காத ஃபேஸ்வாஷ் எதுவானாலும் சரி. காலையில் வெறும் தண்ணீர் போதும், இரவில் ஃபேஸ்வாஷ் போடுங்கள். துடைத்த பின் ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர்.

சன்ஸ்கிரீனில் எல்லோரும் தவறுவது அளவில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். லேபிளில் உள்ள எஸ்பிஎஃப் எண், அதாவது வெயிலிலிருந்து தரும் பாதுகாப்பின் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்து வந்தது. பட்டாணி அளவு தடவினால் அந்த எண்ணில் பாதிகூடக் கிடைக்காது. எஸ்பிஎஃப் 30 போதும். அது வெயிலில் தோலைச் சுடுகிற யுவிபி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 தடுப்பது 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். நாள் முழுக்க வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள்.

இந்த மூன்றை மட்டும் ஒரு மாதமாவது செய்யுங்கள். தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு ஏதாவது சேர்ப்பதானால் ஒன்றை மட்டும் சேருங்கள், அதையும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டு.

கடையில் முகத்தைப் படம் பிடித்த கருவி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். புற ஊதா ஒளியில் எடுத்த படத்தில் யார் முகத்திலும் புள்ளியும் திட்டும் தெரியும், என் முகத்திலும்தான். நோயைக் கண்டுபிடிக்க அங்கே அதை வைக்கவில்லை, ஏழு பொருள்களை விற்க வைத்திருக்கிறார்கள். மருத்துவமனை வரவேற்பிலேயே அலமாரி நிறைய கிரீம் அடுக்கி விற்கிற என் சகாக்களிடமும் இதே எச்சரிக்கையோடு இருங்கள். சீட்டில் எழுதிய பொருள் அந்த ஒரு இடத்தில் மட்டுமே கிடைக்கும் என்றால் காரணம் கேளுங்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தராதது) என்ற சொல்லையும் நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில்கூட அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வரையறை கிடையாது.

முடிக்கு வருவோம். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல். கடும் காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ பிரசவமோ வந்தால் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு, மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். வேர் சாகவில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாகவே நின்று, புது முடி முளைக்கும். முடி மாதத்துக்கு 1 சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் அடர்த்தி கண்ணுக்குத் தெரியக் காலமாகும். ஒருவர் கொட்டிய முடியை உறையில் சேர்த்துக் கொண்டுவந்து, ‘84 இருக்கிறது டாக்டர்’ என்று அழாத குறையாகச் சொன்னார். நாளுக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு. அவரை அப்படி எண்ண வைத்தது ஒரு விளம்பரம்.

ஹேர் சீரம் வேண்டாம். தலைக்கு வெளியே தெரிகிற முடி உயிரில்லாத பொருள், அதற்கு ஊட்டம் கொடுக்க முடியாது. சீரம் பளபளப்பைத் தரும், கொட்டுவதை நிறுத்தாது. ஆறு மாதத்துக்கு மேலும் கொட்டினால் இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். வட்டமாக ஓர் இடம் மட்டும் வழுக்கையானால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பொடுகுக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? தேய்த்தால் நிறுத்துங்கள். பொடுகுக்குக் காரணமான மலசேஷியா என்ற பூஞ்சை, தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றே வாழ்கிறது. பூஞ்சையை ஒடுக்கும் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை தலைத்தோலில் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நான்கு வாரம் செய்து பாருங்கள். பெரும்பாலோர் தடவிய கையோடு அலசிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்கிறார்கள். மற்ற நாள்களில் தலை பிசுபிசுத்தால் சாதாரண ஷாம்பு. ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் கீழ்ப்பாதிக்கு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தப் பெயரில்லாத டப்பாவையும் எடுத்துப் போங்கள். எப்போதிலிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு பூசினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கொடுத்தவர் திருப்பிக் கேட்டாலும், வேறு டப்பா இலவசமாகத் தருகிறேன் என்றாலும், அதைக் கைவிடாதீர்கள்.