கேள்வி – பதில்: கழிவு மையத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம்

கேள்வி: பல உள்ளாட்சிகளின் குப்பையைக் கையாளும் பொதுத் திடக்கழிவு மையம் ஒன்று எங்கள் ஊருக்கு அருகே வரவிருக்கிறது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்ட அறிவிப்பு நாளிதழில் வந்துள்ளது. கூட்டத்தைப் புறக்கணித்தால் அனுமதி கிடைக்காது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. இத்தகைய மையங்கள் சுற்றுச்சூழல் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்று விதிக்கும் மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட அறிவிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதையும் நிர்ணயிக்கவில்லை. யாரும் வராவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே பதிவாகும். எதிர்ப்பு மட்டும் பதிவாகாது. கூச்சலிட்டுக் கூட்டத்தைக் கலைப்பதோ இதைவிடப் பாதகமானது. உள்ளூர் மக்கள் தடையின்றிப் பேசும் சூழல் இல்லை என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விவரமாக அறிக்கை அனுப்பினால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அனுமதி வழங்கும் அமைப்புக்கு அதே அறிவிக்கை இடமளிக்கிறது.

இது வாக்கெடுப்பும் அன்று. ஆயிரம் பேர் "வேண்டாம்" என்று ஒரே குரலில் முழங்குவதைக் காட்டிலும், மையத்தால் சுற்றுச்சூழலுக்கு நேரக்கூடிய பாதிப்புகளை மதிப்பிடும் திட்ட அறிக்கையின் குறிப்பிட்ட பக்கத்தைச் சுட்டி ஒருவர் கேட்கும் கேள்விக்கு எடை அதிகம் என்பது என் கருத்து. ஏனெனில் எழுப்பப்பட்ட சுற்றுச்சூழல் ஐயங்களுக்குத் தீர்வு கூறித் தன் இறுதி அறிக்கையைத் திருத்த வேண்டிய பொறுப்பு மையத்தை அமைக்கும் நிறுவனத்துக்கு உண்டு. வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும் என்பது அதைப் படிப்பதற்காகத்தான். நிலத்தடி நீர், காற்று பற்றிய அளவீடுகள் எந்த மாதங்களில் எடுக்கப்பட்டன என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலத்தைத் தவிர்த்த ஒரு பருவத்தில்தான் அவை எடுக்கப்படுகின்றன. குப்பையிலிருந்து கசிவுநீர் மிகுதியாக வடிவதோ மழையில்தான். அந்தக் கசிவுநீர் எங்கே தேங்கும், தொட்டி நிரம்பினால் எந்த ஓடையில் கலக்கும் என்று கேளுங்கள்.

கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்குவார். நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில் கருத்துகளின் தொகுப்பை மக்களின் மொழியில் விளக்கி வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதி. பலரும் பேசி முடித்த கையோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். வாசிக்கும்வரை இருந்தால்தான், விடுபட்டதை அங்கேயே சொல்லிச் சேர்க்கச் செய்ய முடியும்.

கேள்வி: வெளியூரில் வேலை செய்யும் நான் என் ஆட்சேபத்தை எப்படித் தெரிவிப்பது? கிராம சபைத் தீர்மானம் போதாதா?

பதில்: எழுத்து மூலமான கருத்துகளைப் பெறுவதும் இந்தக் கலந்தாய்வின் ஒரு பகுதியே. அறிவிப்பில் உள்ள முகவரிக்கு, குறித்த நாளுக்குள் அனுப்பி ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கிராம சபைத் தீர்மானம் இந்தக் கூட்டத்துக்கு மாற்றாகாது. ஆனால் அதன் நகலையும் ஆட்சேபமாக இணைக்கலாம்.

கேள்வி: தொழிற்பேட்டைக்குள் அமையும் கழிவு மையத்துக்கும் கூட்டம் உண்டா?

பதில்: சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள், அங்கு அனுமதிக்கப்பட்ட வகைத் திட்டமாக இருந்தால் பொதுவாக விலக்கு உண்டு. அந்தப் பேட்டை பெற்ற அனுமதியின் நிபந்தனைகளில் கழிவு மையம் இடம்பெற்றுள்ளதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டறியலாம்.