கஞ்சாவும் கஜானாவும்: கேட்ட கேள்விகள், சொன்ன பதில்கள்

வணக்கம். தொடக்கக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, யார் பையிலிருந்து வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பாடம். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய நாடுகளின் பொருளாதாரம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். மருத்துவமும் சட்ட ஆலோசனையும் என்னிடம் வேண்டாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் கஞ்சா எடுத்தாலும் இங்கே அது குற்றம்.

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: டீச்சர், கொலராடோவில் கஞ்சா வரி கோடி கோடியாகக் கொட்டுகிறதாமே. நம் அரசாங்கம் ஏன் இந்தப் பணத்தை வேண்டாம் என்கிறது?

நல்ல கேள்வி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அமெரிக்க மாநிலமான கொலராடோவின் மக்கள் 2012 நவம்பரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வாக்களித்தார்கள், 2014 ஜனவரி 1 அன்று கடைகள் திறந்தன. அங்கே மக்கள்தொகை ஆறு மில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு, நம் ஊரும் ஏறத்தாழ அதே அளவு, அதனால் ஒப்பிட வசதியாக இருக்கிறது. 2021இல் விற்பனை 2.2 பில்லியன் அமெரிக்க டாலர், மாநிலத்துக்கு வந்த வரியும் கட்டணமும் 420 மில்லியனுக்கு மேல். எல்லாரும் எடுத்துக் காட்டுவது இந்த எண்ணைத்தான். 2024இல் விற்பனை 1.4 பில்லியன், வரி ஏறத்தாழ 255 மில்லியன். மூன்றே ஆண்டில் வரியில் பத்தில் நான்கு பங்கு போய்விட்டது.

எங்கே போனது? கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்துகிடந்தவர்கள் நிறைய வாங்கினார்கள், அது நின்றது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோ 2022இல் தானே கடை திறந்தது, எல்லை தாண்டி வந்த வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் விலை விழுந்தது. தடை இருக்கும்போது விலையில் பெரும்பங்கு பிடிபடும் பயத்துக்கான கூலி. தடையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு செடிதான், கொட்டகை போட்டு விளக்கு வைத்தால் யாரும் வளர்த்துவிடலாம். எல்லாரும் வளர்த்தார்கள், விலை சரிந்தது, விலையைப் பார்த்துப் போட்ட வரியும் கூடவே இறங்கியது.

சரி, அந்த 255 மில்லியன் நம் காசுக்கு ஏறத்தாழ 340 மில்லியன் வெள்ளி. நிறுவன வருமான வரி மட்டுமே இங்கே ஆண்டுக்கு 30 பில்லியன் வெள்ளி அளவில் வருகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு இது. பொருள் சேவை வரியை 9 விழுக்காட்டிலிருந்து இறக்க இந்தப் பணம் உதவும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். வரி எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அதை யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். வார இறுதியில் ஒரு முறை புகைப்பவர் கட்டுவது சொற்பம். விற்பனையில் பெரும்பகுதி தினமும் எடுக்கும் ஒரு சிறு கூட்டத்திடமிருந்து வருகிறது, மதுவிலும் அப்படித்தான். பழக்கத்தை விடமுடியாதவர்தான் அந்த வரியின் தூண்.

ஜூரோங் வெஸ்ட், வங்கி ஊழியர்: கனடாவின் கஞ்சா நிறுவனப் பங்குகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

இங்கிருந்து வாங்குவது சட்டப்படி சரியா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். முதலீட்டுப் பாடம் மட்டும் நான் சொல்கிறேன். டில்ரே என்ற நிறுவனம் 2018 ஜூலையில் பங்கு 17 டாலருக்குச் சந்தைக்கு வந்தது, செப்டம்பரில் ஒரே நாளில் 300 டாலரைத் தொட்டது, 2024இல் 2 டாலருக்குப் பக்கத்தில் கிடந்தது. கானபி குரோத் நிறுவனத்தில் ஒரு பெரிய மது நிறுவனம் 2018இல் ஐந்து பில்லியன் கனடா டாலர் போட்டது. பழைய சாக்லெட் தொழிற்சாலையை வாங்கிக் கஞ்சா வளர்த்த அதே கானபி 2023இல் அதை மூடி, நூற்றுக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

கனடா வரியிலும் ஒரு கோளாறு உண்டு. ஒரு கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் பத்து விழுக்காடு, எது அதிகமோ அது. கிராம் பத்து டாலர் விற்றபோது இரண்டும் ஒன்றுதான். விலை மூன்று நான்கு டாலருக்கு இறங்கியபோது அதே ஒரு டாலர், விலையில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று ஆகிவிட்டது. சட்டம் எழுதியவர்கள் விலை இவ்வளவு விழும் என்று நினைக்கவில்லை.

பொங்கோல், புதுமணத் தம்பதி: பாங்காக் போகிறோம். அங்கே சட்டப்படி விற்கிறார்களே, ஒரு முறை முயன்று பார்க்கலாமா?

கூடாது. தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது, தெருத்தெருவாகக் கடை முளைத்தது, 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி கட்டுப்பாடு போட்டது. அங்கே சட்டம் எப்படி மாறினாலும் உங்கள் மேல் நம் சட்டம் இருக்கிறது. திரும்பி வரும்போது சாங்கியில் சிறுநீர் பரிசோதனை கேட்டால் மறுக்க முடியாது. பத்தாண்டு வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம். கடையில் வாங்கும் பிஸ்கட், பானம் எல்லாவற்றிலும் கலந்திருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

பாலிடெக்னிக் மாணவி: மிஸ், சட்டபூர்வமாக்கினால் கறுப்புச் சந்தை ஒழியும் என்று கட்டுரை எழுத வேண்டும். குறிப்புகள் தர முடியுமா?

ஒழியும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு எழுதாதே அம்மா. கலிஃபோர்னியாவைப் பார். 2016இல் வாக்கெடுப்பு, 2018 ஜனவரியில் கடை. மாநில வரி 15 விழுக்காடு, வளர்ப்பவருக்குத் தனி வரி, ஊராட்சிக்கு ஒன்று, அதற்குமேல் விற்பனை வரி. உரிமம் வாங்கிய கடைக்காரர் இவ்வளவையும் கட்டிவிட்டு, எதுவுமே கட்டாத ஆளோடு எப்படிப் போட்டி போடுவார்? 2022 ஜூலையில் வளர்ப்பு வரியை எடுத்தார்கள். 2025 ஜூலையில் 15ஐ 19 ஆக்கினார்கள், அக்டோபரில் மறுபடி 15க்கே வந்தார்கள். வரியை ஏற்றினால் திருட்டுச் சந்தை, இறக்கினால் கஜானா காலி.

அப்புறம், சட்டபூர்வம் என்பது ஒரே முறை இல்லை. உருகுவே 2013இல் சட்டம் போட்டு 2017 முதல் மருந்துக் கடையில் அரசு நிர்ணயித்த விலையில் விற்கிறது. ஜெர்மனி 2024 ஏப்ரலில் 25 கிராம் வைத்துக்கொள்ளலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம் என்றது, ஆனால் கடை இல்லை. நெதர்லாந்தில் காப்பிக் கடையின் முன்வாசலில் விற்பதைக் கண்டுகொள்ளமாட்டார்கள், பின்வாசல் வழியாகக் கடைக்கு வரும் சரக்கு பல ஆண்டுகள் குற்றமாகவே இருந்தது. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுது. மதிப்பெண் வரும்.

புக்கிட் பாத்தோக்: ஆம்ஸ்டர்டாமில்?

அங்கேயும் கூடாது. மேலே புதுமணத் தம்பதிக்குச் சொன்னதேதான்.

உட்லண்ட்ஸ், ஓர் அம்மா: என் மகனுக்குப் பதினேழு வயது. பள்ளிப் பையில் மின்சிகரெட் இருந்தது. கஞ்சாவா வேறு எதுவா தெரியவில்லை. என்ன செய்ய?

அம்மா, இது என் பாடம் இல்லை, அதனால் ஊகம் சொல்லமாட்டேன். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த மின்சிகரெட் குப்பியான கேபாட் வேகமாகப் பரவியதால்தான் 2025 செப்டம்பரில் அந்த மருந்தைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள், எனவே கஞ்சா இல்லை என்பதால் நிம்மதி அடையாதீர்கள். மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்குத் தனிச் சேவை இருக்கிறது, பள்ளி ஆலோசகரும் இருப்பார். இன்றே பேசுங்கள். பையனை அடிக்காதீர்கள்.

இங்கே வேலை பார்க்கும் மதுரைக்காரர்: நம் ஊரில் சாமியார்கள் கையில் காலங்காலமாக இருக்கிறதே. இந்தியாவில் எப்போது தடை வந்தது?

1985 சட்டத்தில்தான் இறுக்கமானது. அதிலும் கஞ்சா என்றால் பூவும் காயும் வரும் நுனி என்று எழுதியிருக்கிறது, வெறும் இலை அதில் வராது, அதனால்தான் வடக்கே அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங் விற்கும் கடைகள் உண்டு. அதற்கு முன் 1893-94இல் ஆங்கிலேயர் ஒரு ஆணையம் வைத்து ஏழு தொகுதி அறிக்கை போட்டார்கள். முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது முடிவு. சொன்னவர்கள் வரி வாங்கும் ஆட்சியாளர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அங் மோ கியோ: அரசாங்கமே போதையை விற்றுப் பிழைத்ததுண்டா?

உண்டு, இதே சிங்கப்பூரில். தொடக்க காலத்தில் அபினி விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது, பெரும் வணிகர்கள் மாதத் தொகை கட்டி எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த ஆங்கிலேய ஆட்சிப் பகுதி) வருமானத்தில் ஏறத்தாழ பாதி அபினி. பாதி! ரிக்‌ஷா இழுத்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் வலி மறக்க இழுத்த புகையில்தான் சாலையும் துறைமுகமும் வந்தன. எதிர்ப்பு கிளம்பியபோது 1910இல் குத்தகையை ஒழித்துவிட்டு அரசே காய்ச்சி விற்றது. வருமானம் போனால் என்ன செய்வது என்று 1925இல் அதற்கென்று ஒரு சேமநிதி வைத்தார்கள். முழுத்தடை வந்தது உலகப் போர் முடிந்த பிறகுதான். தீமை என்று தெரிந்தும் விடுவதற்கு அத்தனை காலம். கஞ்சா வரி சிறு தொகைதானே என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: சிறிதாக இருக்கும்வரை அதற்காக ஆசைப்படத் தேவையில்லை, பெரிதாகிவிட்டால் விடமுடியாது.

சிராங்கூன் சாலைப் பெரியவர்: ஏம்மா, சீனர்களுடைய அபினியைச் சொன்னீர்கள், நம் கள்ளுக்கடையை விட்டுவிட்டீர்களே. எழுபதுகளில்கூட இங்கே கள்ளுக்கடை இருந்தது, நான் குடித்திருக்கிறேன். கள்ளு உணவு மாதிரி. அதைக் கஞ்சாவோடு சேர்க்காதீர்கள்.

தொழிற்சங்கத்தில் இருந்தவர்: உணவா? ஐயா, என் தாத்தா தோட்டத்தில் வாங்கிய சம்பளம் அன்று மாலையே தோட்டக் கள்ளுக்கடைக்குப் போனது. பாட்டிதான் பட்டினி கிடந்தாள்.

பெரியவர்: கடையை மூடினார்களே, குடிப்பதை விட்டார்களா? சம்சு என்ற மலிவுச் சாராயம் குடித்தார்கள். கண் போனது, உயிர் போனது.

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் இருவர் சொல்வதும் உண்மை. 1941இல் மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. வெளியிலிருந்து யாரும் வந்து உபதேசம் செய்யவில்லை, குடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டார்கள். ஒரு கையால் கூலி கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் பெரியவர் சொல்லும் சம்சு விஷயம் பொருளியலில் பெரிய உண்மை. தடை வந்தால் சரக்கு சுருங்கும், வீரியம் ஏறும். குடம் கள்ளை ஒளித்து எடுத்துப்போக முடியாது, ஒரு புட்டி சம்சுவை முடியும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது பீர் பின்னுக்குப் போய்ச் சாராயம் முன்னுக்கு வந்ததும் இதனால்தான். கேபாட் அளவு எவ்வளவு சிறியது என்று நினைத்துப் பாருங்கள்.

தொழிற்சங்கத்தில் இருந்தவர்: அப்படியென்றால் கடை திறந்துவிட்டால் வீரியம் இறங்குமா?

அங்கேதான் சிக்கல், தம்பி. இறங்கவில்லை. அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளின் அளவு தொண்ணூறுகளின் நடுவில் 4 விழுக்காடு, இப்போது 15 அளவில். சட்டபூர்வக் கடையில் விற்கும் சாறு வகைகளில் 60க்கு மேலும் உண்டு. கடத்துகிறவன் ஒளிப்பதற்காக வீரியம் ஏற்றுகிறான், கம்பெனி தினசரி வாடிக்கையாளரைத் தக்கவைக்க ஏற்றுகிறது. எனவே கடை திறப்பதென்றால் லாபம் தேடாத கடையாக இருக்க வேண்டும், வரியைக் கிராமுக்குப் போடாமல் வீரியத்துக்குப் போட வேண்டும். நம் நாட்டிலேயே மதுத் தீர்வை அப்படித்தான், சாராய வகைக்குத் தூய மது ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி.

பெரியவர்: கள்ளுக்கு எவ்வளவு போட்டிருப்பீர்கள்?

மிகக் குறைவாக, ஐயா. வீரியம் அவ்வளவுதானே.

கிளெமெண்டி: சிறை, போலீஸ் செலவு மிச்சமாகுமே? அதைச் சொல்லவில்லையே.

வரியைவிட இது வலுவான வாதம். அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கஞ்சா பயன்படுத்தும் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் கைதாவதில் கறுப்பினத்தவர் மூன்றரை மடங்குக்கு மேல். இருபது வயதில் ஒரு குற்றப்பதிவு விழுந்தால் வாழ்நாள் முழுக்க வேலையும் சம்பளமும் குறைகிறது, அந்த இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் வராது. சட்டபூர்வமாக்காமலே, சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றமில்லை என்று ஆக்கினாலே இந்த நன்மை பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்படியானால் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு என்பது சரியா?

2013 முதல் வெறும் சுமந்து வந்தவர்களுக்குச் சில நிபந்தனைகளோடு ஆயுள் தண்டனைக்கு வழி இருக்கிறது. சரியா என்றால், என் மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் அதற்குப் பொருளியலிலிருந்து காரணம் காட்டமாட்டேன். உயிர் விஷயத்தை லாப நஷ்டக் கணக்காகப் பேச எனக்கு விருப்பமில்லை.

சுவா சூ காங்: மூட்டு வலிக்குக் கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய்?

இங்கே அனுமதி இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

செங்காங்: டீச்சர், டொரோண்டோவில் படிக்கும் என் தங்கை அங்கே...

அவரும் சிங்கப்பூரர்தானே. கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன், தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

சிராங்கூன் சாலைப் பெரியவர்: அந்தக் கள்ளுக்கடையில் அரசாங்கமே விலை போட்டிருந்தது அம்மா. பலகை மாட்டியிருப்பார்கள்.

அப்படியா! ஐயா, கடை எந்தத் தெருவில் இருந்தது, பலகையில் என்ன எழுதியிருந்தது, குவளை என்ன விலை, ஞாபகம் இருப்பதை எல்லாம் எழுதி அனுப்புங்கள். மற்ற கேள்விகளை நாளை பார்க்கிறேன்.