சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்தால் வேலையை விட முடியாதா?

கேள்வி: டி.பார்ம் முடித்து மதுரையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். காலை 9 முதல் இரவு 9.30 வரை வேலை, மதியம் ஒன்றரை மணி நேரம் இடைவேளை. சம்பளம் 15,600 ரூபாய், ஓவர்டைம் கிடையாது. காலாவதியான மருந்துக்கும் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். என் ஒரிஜினல் பார்மசிஸ்ட் பதிவுச் சர்டிபிகேட் ஓனரிடம் இருக்கிறது, விலகினால் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: சர்டிபிகேட் உங்களுடையது. கடையின் மருந்து விற்பனை லைசென்ஸுக்காக அதைச் சரிபார்க்கலாம், கடையில் மாட்டி வைக்கலாம், ஆனால் உங்களை நிறுத்தி வைக்கும் பிணையாக அதை வைத்துக்கொள்ள ஓனருக்கு உரிமை இல்லை. ராஜினாமாவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்டு அதிலேயே எழுதுங்கள். தரவில்லையென்றால் போலீஸில் புகார் கொடுக்கலாம். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி பார்மசி கவுன்சிலில் நகல் மட்டும் வாங்காதீர்கள், அது உங்களுக்கே வினையாகும்.

இன்னொன்றும் உண்டு, பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். நீங்கள் விலகிய தேதியை மருந்துகள் ஆய்வாளருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கடையின் லைசென்ஸில் பார்மசிஸ்டாக உங்கள் பெயர் நீடித்தால், நீங்கள் இல்லாத நாளில் நடந்த விற்பனைக்கும் உங்களைத்தான் விசாரிப்பார்கள்.

சரி, நேரத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் ஒரு நாளில் 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இடைவேளையோடு சேர்த்து மொத்தம் 12 மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும். உங்களுடையது இடைவேளை போக 11 மணி நேரம், இடைவேளையோடு பன்னிரண்டரை; இரண்டையும் மீறுகிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புச் சம்பளம்: 15,600ஐ 26 நாளால் வகுத்தால் 600, மணிக்கு 75, ஓவர்டைமுக்கு 150. தினமும் 3 மணி நேரம் கூடுதலாக உழைக்கிறீர்கள், அதாவது ஒரு நாளைக்கு 450 ரூபாய் உங்களுக்கு வராமல் போகிறது! 'பார்மசிஸ்ட் நிர்வாகப் பதவி, இந்தச் சட்டம் பொருந்தாது' என்று ஓனர் வாதாடலாம், ஆனால் கவுண்டரில் நின்று மருந்து கொடுப்பவர் நிர்வாகி ஆகிவிட மாட்டார். நின்று என்றதும் ஞாபகம் வருகிறது, 2021 திருத்தத்துக்குப் பிறகு உட்கார இருக்கை தருவதும் கட்டாயம்.

காலாவதி மருந்துக்குப் பிடித்தம் செய்ய வேண்டுமானால், நஷ்டம் உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று காட்ட வேண்டும், அதற்கு முன் உங்கள் விளக்கத்தையும் கேட்க வேண்டும். ஸ்டாக் விற்காமல் தேங்கியது ஓனரின் வியாபார நஷ்டம்.

புகாரைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள். அதற்கு முன், வேலையில் இருக்கும்போதே, வருகைப் பதிவு, சம்பளம் வரவான பேங்க் ஸ்டேட்மென்ட், டியூட்டி பற்றிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விலகிய பிறகு இவை கைக்கு வராது.