பவர்பாயிண்ட்டில் செய்த படத்தொகுப்பை வீட்டு டிவிடி பிளேயரில் ஓடும்படி மாற்றுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: அப்பாவின் சதாபிஷேகத்துக்காகப் பவர்பாயிண்ட்டில் 64 ஸ்லைடுகளும் இரண்டு பாட்டுகளுமாக ஒரு தொகுப்பு செய்திருக்கிறீர்கள். ஊரில் அத்தை வீட்டில் இருப்பது பழைய குண்டு டிவியும் ஒரு டிவிடி பிளேயரும்தான். கோப்பை அப்படியே டிவிடியில் பதிந்து அனுப்பினால், பிளேயர் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டு சரியில்லை என்கிறது.

அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டன. மயிலாடுதுறையில் டிடிபி கடை வைத்திருந்தேன். திருக்கடையூர் பக்கம் என்பதால், கோயிலில் பெற்றோருக்கு மாலை மாற்றிவைக்க வருகிற பிள்ளைகள் முதல் நாள் சாயங்காலம் பென் டிரைவும் கையுமாகக் கடையில் வந்து நிற்பார்கள். "நாளைக் காலையில் மண்டபத்து டிவியில் ஓட வேண்டும், அண்ணே." அந்த அவசரத்தில் அடிபட்டுக் கற்றுக்கொண்டதுதான் கீழே இருப்பதெல்லாம்.

பிளேயர் மேல் தவறில்லை. அதற்குப் பவர்பாயிண்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தட்டைப் போட்டதும் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறையைத் தேடும். அதற்குள் ஐஎஃப்ஓ, விஓபி என்று முடிகிற கோப்புகள் இருக்க வேண்டும். படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) என்றால் அகலத்தில் 720 புள்ளி, உயரத்தில் 576 கோடு, வினாடிக்கு 25 படம். இதில் எது மாறினாலும் கண்டிப்பான பழைய பிளேயர் வாய் திறக்காது. ஆகவே வேலை மூன்று கட்டம்: ஸ்லைடை வீடியோவாக்குவது, வீடியோவை டிவிடி வடிவத்துக்குக் கொண்டுவருவது, தட்டில் பதிவது. மூன்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். மென்பொருள் பார்த்துக்கொள்ளாத ஒரு வேலை இவற்றுக்கெல்லாம் முன்னால் இருக்கிறது. ஸ்லைடுகளை டிவிக்குத் தகுந்தபடி திருத்துவது. கெடுவது எல்லாம் அங்கேதான் கெடும்.

ஒரு முறை நான் கெடுத்ததைச் சொல்கிறேன். ஒரு தாத்தாவின் சதாபிஷேகம். கடைசி ஸ்லைடில் "இப்படிக்கு" என்று போட்டு, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் வரிசையாக இருந்தன. கடையிலிருந்த கணினித் திரையில் முழுவதும் ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகத்தான் கொடுத்தேன். மண்டபத்தில் இருந்தது 29 அங்குலக் குண்டு டிவி. அந்த வகை டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளும். அவற்றை அப்படித்தான் செய்திருந்தார்கள். ஸ்லைடின் அடியோரத்தில் ஒட்டியிருந்த கடைசி வரி மொத்தமாகக் காணாமல் போயிற்று. அந்த வரியில் இருந்தது சின்ன மருமகளின் குடும்பம். அந்த அம்மா சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடி வந்து, "எல்லார் பெயரும் வந்தது. எங்கள் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னது யார், தம்பி?" என்று கேட்டார். ஓரம் வெட்டுகிற கதையை அந்த நேரத்தில் யாரிடம் போய் விளக்குவது? இலையில் பாயசம் விழுந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் முதலில் ஓரம். ஸ்லைடின் அளவை 4:3க்கு மாற்றுங்கள். வடிவமைப்புப் பட்டியில் ஸ்லைடு அளவு என்ற இடத்தில் இருக்கும். இப்போதைய பவர்பாயிண்ட் 16:9 அகலத் திரையில்தான் புதுக் கோப்பைத் திறக்கிறது. அத்தை வீட்டு டிவி அந்தக் காலத்துச் சதுர முகம். மாற்றும்போது, பெரிதாக்கவா, உள்ளே அடங்கும்படி சுருக்கவா என்று கேட்கும். சுருக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற சித்தப்பா வெட்டுப்படுவார். 4:3 ஸ்லைடு 10 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். இடமும் வலமும் ஒவ்வோர் அங்குலம், மேலும் கீழும் முக்கால் அங்குலம் எழுத்தே இல்லாமல் விட்டுவிடுங்கள். பின்னணி நிறமும் போட்டோவின் வானமும் ஓரம் வரை போகலாம். முகமும் பெயரும் போகக் கூடாது.

அடுத்தது எழுத்தின் பருமன். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 7.5 அங்குலம் என்பது அச்சுக் கணக்கில் 540 பாயிண்ட். டிவிடியின் உயரம் 576 கோடு. அதாவது பவர்பாயிண்ட்டில் ஒரு பாயிண்ட் என்பது டிவியில் ஏறக்குறைய ஒரு கோடு. நீங்கள் 18 பாயிண்ட்டில் எழுதினால், ஒரு எழுத்து தலை முதல் கால் வரை 19 கோட்டுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நம் எழுத்தில் சுழி இருக்கிறது, கொம்பு இருக்கிறது, தலையில் புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒரு கோடோ இரண்டு கோடோதான். போதாததற்குக் குண்டு டிவி ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறை, இரட்டைப்படைக் கோடுகளை ஒரு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டும். ஒரே கோட்டில் நிற்கிற புள்ளி வினாடிக்கு 25 முறை வந்து வந்து போகும். "கண்ணன்" என்ற பெயரின் ண்ண சேர்ந்து ஒரே சுழிக்கூட்டமாகி, புள்ளி மட்டும் மின்மினிப் பூச்சிபோலத் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன். 28 பாயிண்ட்டுக்குக் கீழே போகாதீர்கள். பெயர்களுக்கு 36 வையுங்கள், தடித்த எழுத்தாக. இடம் போதவில்லை என்றால் இன்னொரு ஸ்லைடு போடுங்கள், அதற்குக் காசா பணமா? அட்டவணைக்கும் போட்டோவுக்கும் போடுகிற மெல்லிய கட்டக்கோடும் இதே போலத் துடிக்கும். கோட்டை 3 பாயிண்ட் தடிமனாக்குங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

நிறத்தில் நம் ஆட்களுக்கு ஒரு ஆசை உண்டு. கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்சள் மேல் சிவப்பு, ரோஜா நிறத்தின் மேல் நீலம். டிவிடியில் வெளிச்ச விவரத்தைவிட நிற விவரம் அகலத்திலும் உயரத்திலும் பாதிப் பாதிதான் பதிவாகிறது. அது மஞ்சள் முனை வயர் வழியாகப் பழைய டிவிக்குப் போகும்போது இன்னும் கரைந்துவிடும். சிவப்பு எழுத்து மழையில் நனைந்த குங்குமம்போல ஒழுகும். அடர் நீலத்தின் மேல் வெள்ளை, கரும்பச்சையின் மேல் வெளிர் மஞ்சள் என்று வைத்தால் கண்ணாடி போட்ட அத்தைக்கும் தெரியும்.

தமிழ் எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்திருந்தால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். கடைக்கு வந்த கோப்புகளில் பாதி பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். எழுத்துருவைக் கொண்டுவர மாட்டார்கள். திறந்தால் "அம்மா" இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும். வீடியோவாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது, எழுத்தும் படமாகிவிடும். ஆனால் மாற்றுகிற வேலை, அந்த எழுத்துரு இருக்கிற கணினியிலேயே நடக்க வேண்டும்.

பாட்டும் இதே கதைதான். பழைய பவர்பாயிண்ட்டில் எம்பி3 பாட்டு கோப்புக்குள் தங்காது. எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் உள்ளே இருக்கும். எத்தனையோ பேர் பாட்டை வீட்டுக் கணினியில் விட்டுவிட்டு வந்து கடையில் முழித்திருக்கிறார்கள். 2010 பதிப்பிலிருந்து பாட்டை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. உங்களுடையது புதிது என்றால் கவலை இல்லை.

இனி மாற்றும் வேலை. எங்கள் காலத்தில் பவர்பாயிண்ட் 2003இல் ஒவ்வொரு ஸ்லைடையும் தனித்தனி ஜேபெக் படமாகச் சேமித்து, வேறொரு மென்பொருளில் வரிசையாக அடுக்கிப் பாட்டைச் சேர்க்க வேண்டும். எழுத்து பறந்து வருவது, சுழன்று விழுவது எல்லாம் போய்விடும். என்னைக் கேட்டால் போனதே நல்லது. வீடியோ உருவாக்கும் வசதி 2010இல் பவர்பாயிண்ட்டுக்குள்ளேயே வந்தது. இப்போது எம்பி4 ஆகவே தருகிறது. கோப்பு, ஏற்றுமதி, வீடியோ உருவாக்கு என்று போனால் போதும். தெளிவில் 1080ஐத் தேர்ந்தெடுங்கள். பெரிதிலிருந்து சிறிதாக்கினால் எழுத்து தெளிவாக வரும்.

அங்கே ஸ்லைடுக்கு 5 வினாடி என்று முன்கூட்டியே போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். எழுத்துள்ள ஸ்லைடை வாய்விட்டு இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். அதுதான் அதன் நேரம். ஒத்திகை நேரம் பதிகிற வசதி ஸ்லைடு ஷோ பட்டியில் இருக்கிறது. அதை ஓடவிட்டு, பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, அவர் "ம்" என்றதும் அடுத்ததைத் தட்டுங்கள். இன்னொன்று: ஸ்லைடில் தட்டினால் வேறு ஸ்லைடுக்குப் போகிற பொத்தான்கள் வைத்திருந்தால் அவை வீடியோவில் வெறும் படமாகத்தான் நிற்கும்.

எம்பி4 வந்ததும் அதை டிவிடியாக்க டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள் போதும். விண்டோஸ் விஸ்டாவிலும் 7இலும் டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது, 8இல் எடுத்துவிட்டார்கள். டிவிடிஸ்டைலரில் புதுத் திட்டம் தொடங்கும்போது பால், 4:3 என்று கொடுங்கள். தட்டு அமெரிக்காவில் இருக்கிற அண்ணனுக்கும் போவதாக இருந்தால், அவருக்கு மட்டும் அந்த நாட்டு டிவி முறையான என்டிஎஸ்சியில் தனியாக ஒன்று செய்யுங்கள். நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும். அங்கே உள்ளவற்றில் பல பால் தட்டைத் தொடாது. பிட்ரேட், அதாவது வினாடிக்கு எவ்வளவு தகவல், என்ற இடத்தில் 7,000 கிலோபிட் கொடுங்கள். ஒரு தட்டில் 4.7 ஜிபி இடம் இருக்கிறது. 64 ஸ்லைடு ஆளுக்கு 10 வினாடி ஓடினாலும் 11 நிமிடத்தைத் தாண்டாது, 600 எம்பிக்குள் முடிந்துவிடும். எனவே கஞ்சத்தனம் வேண்டாம். 9,800 வரை போகலாம் என்பது விதி. ஆனால் வீட்டில் பதிந்த தட்டைப் பழைய பிளேயர் அந்த வேகத்தில் படிக்கத் திணறி, படம் கட்டம் கட்டமாக உடையும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்று, ஆனால் அத்தைக்குப் பிடிக்கும். பழைய போட்டோ வந்தால் இது யார், அது யார் என்று பேச்சு நீளும். 10 வினாடி எந்த மூலைக்கு? டிவிடியில் ஒரு துண்டு முடிந்ததும், ரிமோட்டில் அடுத்தது பொத்தானை அழுத்தும் வரை படத்தை அப்படியே நிறுத்திவைக்க வழி இருக்கிறது. டிவிடிஸ்டைலருக்கு உள்ளே வேலை செய்வது டிவிடிஆத்தர் என்ற நிரல். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் முடிவில்லாத இடைநிறுத்தம் கொடுக்கலாம். டிவிடிக் கணக்கில் ஒரு தலைப்பில், அதாவது ஒரு முழுப் படத்தில், 99 அத்தியாயம் வரை வைக்கலாம் என்பதால் 64 ஸ்லைடு தாராளமாக அடங்கும். ரிமோட் அத்தையின் கையில் ஸ்லைடு மாற்றும் பொத்தானாகிவிடும். படம் நிற்கும்போது பாட்டும் நின்றுவிடும் என்பதுதான் குறை. ஆகவே முகப்பில் இரண்டு பொத்தான் வையுங்கள்: ஒன்று பாட்டோடு தானாக ஓடுவது, இன்னொன்று நின்று நின்று பார்ப்பது.

பதியும்போது தட்டு டிவிடி மைனஸ் ஆர் ஆக இருக்கட்டும். பழைய பிளேயர்கள் அதைத்தான் அதிகம் மதிக்கும். அழித்து எழுதுகிற வகை ஒளியைக் குறைவாகப் பிரதிபலிப்பதால் பல பிளேயர்களின் கண்ணுக்குத் தெரியாது. வேகம் 4 அல்லது 8 போதும். மேலே காகித லேபிள் ஒட்டாதீர்கள். தட்டு ஒருபக்கம் கனத்து, ஓடும்போது ஆடும். மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும், பால்பாயிண்ட் வேண்டாம்.

அனுப்புவதற்கு முன்னால் உங்கள் ஊரில் யார் வீட்டிலாவது குண்டு டிவி இருந்தால் ஒரு முறை போட்டுப் பாருங்கள், கடைசி ஸ்லைடு வரை. தட்டில் மீதி 4 ஜிபி சும்மா கிடக்கும். பதியும்போதே இன்னொரு கோப்புறை சேர்த்து, அந்தப் பவர்பாயிண்ட் கோப்பையும் போட்டோக்களையும் பெரிய அளவில் அதில் போட்டுவிடுங்கள். பிளேயர் அதைக் கண்டுகொள்ளாது. பின்னாளில் அத்தை பேரன் யாராவது கணினியில் போட்டால் எடுத்துக்கொள்வான்.