“ஒண்ணும் பண்ணாதுங்க” என்று வரும் நாயும் கயிற்றில் நிற்கும் நம் நாயும்

கேள்வி: எங்கள் ராக்கி ஜெர்மன் ஷெப்பர்டு, ஆண், இரண்டரை வயது. 35 நாள் குட்டியாக இருக்கும்போது ஒரு புரோக்கர் மூலம் வாங்கினோம். வீட்டில் தங்கம். வெளியே கூட்டிப்போனால் இன்னொரு நாயைப் பார்த்ததும் குலைத்துப் பாய்ந்து என் தோளைப் பிய்த்துவிடுகிறான். நான் கயிற்றில்தான் கூட்டிப்போகிறேன், எதிரில் வருவது எதுவும் கயிற்றில் வருவதில்லை. முக்கில் நாலைந்து தெருநாய்கள். அடுத்த வீதியில் ஒரு பெரியவர் லேப்ரடாரை அவிழ்த்துவிட்டே நடக்கிறார், தூரத்திலிருந்தே “அது ஒண்ணும் பண்ணாதுங்க” என்கிறார். ஒரு டிரெய்னர், 45 நாள் என்னிடம் விடுங்கள், 28,000 ரூபாய், சரிசெய்து தருகிறேன் என்கிறார். 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அனுப்பலாமா? (வாசகி, வடவள்ளி, கோவை)

அனுப்பாதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன், அதற்கு முன் ராக்கி எதற்குக் குலைக்கிறான் என்று பார்த்துவிடுவோம்.

வீரம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயம். “கிட்ட வராதே” என்பதை அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறான், அவ்வளவுதான். கட்டாத நாய் பயந்தால் ஒதுங்கிப் போய்விடும், கயிற்றில் இருக்கிற நாய்க்கு ஒதுங்க வழியில்லை, மிச்சமிருப்பது சத்தம் போடுவதும் பாய்வதும்தான். அது பலித்தும் விடுகிறது. அவன் குலைத்தான், எதிர் நாய் போய்விட்டது, அல்லது நீங்கள் அவனை இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டீர்கள், எப்படியோ அவன் கேட்ட தூரம் கிடைத்துவிட்டது. அடுத்த முறை இன்னும் நாலடி முன்னாலேயே ஆரம்பிப்பான்.

35 நாள் குட்டி என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் பாதிக் கதை இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைக்கும்தான் ஒரு குட்டி, மற்ற நாய்களோடு எப்படிப் பழகுவது, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதையெல்லாம் தாயிடமும் கூடப்பிறந்ததுகளிடமும் படிக்கிறது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதியிலேயே இருக்கிறது. புரோக்கருக்கு அதெல்லாம் எதற்கு? குட்டி உருண்டையாக, பஞ்சு மாதிரி இருக்கும்போதே கைமாற்றிவிட வேண்டும், கூடுதலாக மூன்று வாரம் வைத்திருந்தால் தீனிச் செலவு, தடுப்பூசிச் செலவு, போதாததற்கு காது நிற்கவில்லை, கால் வளைந்திருக்கிறது என்று வாங்க வருகிறவர் குறை கண்டுபிடித்துவிடுவார். இதெல்லாம் உங்கள் தப்பு என்று சொல்ல வரவில்லை. அடுத்த தடவை யாராவது உங்களிடம் “குட்டி எங்கே வாங்கினீங்க” என்று கேட்டால் அந்த நம்பரைக் கொடுக்காதீர்கள், அது போதும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று, தூரம். இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் ராக்கி உங்கள் கையிலிருந்து வேகவைத்த ஈரல் துண்டை வாங்கித் தின்கிறான் என்றால் அந்தத் தூரம் அவனுக்குத் தாங்கும். தின்ன மறுக்கிறான், அல்லது கையோடு சேர்த்து வெடுக்கென்று பிடுங்குகிறான் என்றால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். முதலில் அது நூறு அடியாகக்கூட இருக்கும். அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு, நாய் கண்ணில் பட்டதும் ஈரல், நாய் மறைந்ததும் ஈரல் நின்றுபோச்சு. இந்த வரிசை முக்கியம். ஈரலை முதலில் காட்டிவிட்டு அப்புறம் நாய் வந்தால், ஈரலைப் பார்த்தாலே அவன் நாயைத் தேட ஆரம்பித்துவிடுவான். ஐந்து நிமிடம் போதும், வீட்டுக்கு வந்துவிடுங்கள். குலைப்பதற்கு முன்னால் அவன் சொல்லிவிட்டுத்தான் குலைப்பான்: திறந்திருந்த வாய் மூடும், காது முன்னால் வரும், உடம்பு கட்டையாகும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அந்த இரண்டு மூன்று விநாடிதான் உங்கள் கையில் இருக்கிற நேரம். “வாடா போலாம்” என்று சொல்லித் திரும்பி நடக்கிற பழக்கத்தை வீட்டு வாசலிலேயே, நாய் எதுவும் இல்லாதபோதே, ஒரு ஐம்பது தடவையாவது செய்து வையுங்கள். நாய் வந்த பிறகு சொல்லிக்கொடுக்க முடியாது.

நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரு யோசனை சொல்வார்கள், “ஊரை விட்டுத் தள்ளி இட்டேரியில கூட்டிட்டுப் போங்க, அமைதியா இருக்கும்” என்று. கேட்க நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டித்தடம், மயில் சத்தம். ஆனால் அந்த வளைவில் ஒரு தோட்டத்து நாய் வந்து நின்றால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள்? தோட்டத்து நாய் தன் இடத்தைக் காக்கத்தான் அங்கே இருக்கிறது, சாளையில் (தோட்டத்து வீட்டில்) யாரும் இல்லாவிட்டாலும் அது இருக்கும். ஆடுகளை நாய்கள் கடித்துக் கொன்று காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் விவசாயிகள் செத்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு போராடியதெல்லாம் தெரியும்தானே. பட்டி போட்டிருக்கிற இடத்தில் முன்பின் தெரியாத பெரிய நாய் ஒன்று வந்தால் ஆட்டுக்காரர் என்ன நினைப்பார்? குறுகலான இட்டேரியை விட, நாலு பக்கமும் பார்வை போகிற காலி மைதானமோ, அகலமான லேஅவுட் ரோடோ எவ்வளவோ மேல். காரில் ஏற்றிக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. விடிகாலையும் அந்தி நேரமும் தெருநாய்கள் சுறுசுறுப்பாக இருக்கும், அந்த நேரங்களைத் தள்ளுங்கள். ஞாயிறு கறிக்கடைப் பக்கமே போகாதீர்கள். அதற்காக மத்தியானமும் வேண்டாம், புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அவன் பாதமும் தாங்காது.

கயிறு ஆறடி, சாதாரண நைலான் பட்டை. பொத்தானை அமுக்கினால் நீண்டுகொண்டே போகிற ரீல் கயிறு வேண்டவே வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக நெஞ்சுப் பக்கம் வளையம் வைத்த ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டுகிற பட்டை) போட்டால் அவன் பாயும்போது உடம்பு உங்கள் பக்கம் திரும்பும், உங்கள் தோள் தப்பிக்கும். ஒருவேளை கடித்துவிடுவானோ என்று பயமிருந்தால் கூடை மாதிரியான மசில் வாங்குங்கள், கன்றுக்குட்டிக்குப் போடுகிற வாய்க்கூடு மாதிரி, உள்ளே வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் இருக்க வேண்டும். துணியில் இறுக்கிக் கட்டுகிற மசில் நம்ம வெயிலுக்கு ஆகாது, நாய் வாயைத் திறந்துதான் உடம்புச் சூட்டை இறக்குகிறது. அதை மூடிவிட்டு நடக்க வைத்தால் மயங்கி விழும்.

இனி, அவிழ்த்துவிட்ட நாய் நேராக உங்களை நோக்கி வருகிறது. ஓடாதீர்கள். ராக்கியை உங்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, கயிற்றைச் சுருக்கி, வருகிற நாயின் மூஞ்சிக்கு முன்னால் ஒரு கைப்பிடி பிஸ்கட்டோ கோழித்துண்டோ வீசுங்கள். ஒவ்வொன்றாக இல்லை, மொத்தமாக, தரையில் சிதறுகிற மாதிரி. அது பொறுக்கித் தின்கிற இருபது விநாடியில் நீங்கள் திரும்பி நடந்துவிடலாம். கையில் ஒரு குடை இருக்கட்டும், பொத்தான் அமுக்கினால் விரிகிற குடை, படாரென்று விரித்தால் பெரும்பாலான நாய்கள் நின்றுவிடும் (ராக்கிக்கு அந்தச் சத்தத்தை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதலில் ஓடுவது அவன்தான்). கல்லெடுக்கிற மாதிரிக் குனிந்தால் தெருநாய் பின்வாங்கும் என்பது நம் எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும். குனியலாம். எறியாதீர்கள். எறிந்தால் அந்தக் கும்பல் உங்கள் இருவரையும் அடையாளம் வைத்துக்கொள்ளும், நாளைக்கும் அதே வழியாகத்தானே போகப்போகிறீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், கேட்கிறவர்கள் சலித்துக்கொண்டாலும் சரி. குட்டி போட்டிருக்கிற தெருநாய். அதற்கு முன்னால் நீங்கள் முழுக்கோழியைப் போட்டாலும் திரும்பிப் பார்க்காது. குடையை விரித்தால் இன்னும் கிட்டே வரும். மற்ற நாய் சத்தம் போட்டு மிரட்டும், தாய்நாய் சில சமயம் சத்தமே இல்லாமல் நேராக வந்துவிடும். குட்டி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, சாக்கடைப் பாலத்துக்கு அடியில் இருக்கும், கட்டுமான மணல் மேட்டுக்குப் பின்னால் இருக்கும், ஓடாத காருக்கு அடியில் இருக்கும். நீங்கள் பின்வாங்குகிறேன் என்று நினைத்துக் குட்டிகள் இருக்கிற பக்கமே போய் நிற்பீர்கள். மடி தொங்குகிற நாய் எந்த வீதியில் தெரிகிறதோ அந்த வீதியை இரண்டு மூன்று மாதத்துக்கு மறந்துவிடுங்கள். “நம்ம ரோடு, நாம ஏன் சுத்திப் போகணும்” என்று ரோஷப்பட்டு, நாய்க்குத் தையல் போட என் மேஜைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா. ஐப்பசி கார்த்திகையில் நாய்கள் கூடித் திரியும், அதிலிருந்து இரண்டு மாதம் கணக்கு வைத்துக்கொண்டால் எப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கே புரியும்.

பெரியவர் விஷயம். அவருடைய லேப்ரடார் ஒன்றும் பண்ணாது, ஒத்துக்கொள்கிறேன். பண்ணப்போவது ராக்கிதானே. இதை அவரிடம் நியாயம் பேசிப் புரியவைக்க முடியாது. சட்டம் இருக்கிறது, வளர்ப்பு விலங்கை அஜாக்கிரதையாக விட்டு ஆபத்து ஏற்படுத்தினால் பாரதிய நியாய சம்ஹிதா 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள், உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பதிலாகத் தூரத்திலேயே சத்தமாக, “அய்யா, எங்க நாய்க்குச் சொறிங்க, உங்களதுக்கு ஒட்டிக்கும்” என்று சொல்லுங்கள். பொய்தான். ஆனால் அவர் நாயைப் பிடித்துக்கொள்கிற வேகத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

தெருநாயைப் பிடித்துப் போகச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். 2023-ல் வந்த கருத்தடை விதிப்படி, பிடித்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முதலில் டெல்லியில் எல்லா நாயையும் காப்பகத்துக்கு என்றது, பத்து நாள் கழித்து, வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றை அங்கேயே விடுங்கள் என்றது, நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் மாதிரி இடங்களிலிருந்து எடுத்தால் திரும்ப அங்கே விடக்கூடாது என்றது. உங்கள் வீதி முக்கு இந்த எதிலும் வராது. போன் செய்தால் “ஆள் வருவாங்க” என்பார்கள். வந்தாலும், ஒரு வீதியில் பிடித்ததை வண்டியிலிருந்து வேறு வீதியில் இறக்கிவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன், புது இடத்தில் மிரண்டுபோன நாயை விட ஆபத்தான நாய் கிடையாது. தீனி வைக்கத் தனி இடம் ஒதுக்கச் சொல்லி விதி இருக்கிறது, எங்கே ஒதுக்கினார்கள்? கோழிக்கழிவு மூட்டையை ராத்திரியில் ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போகிற வண்டியை ஒருத்தரும் நிறுத்துவதில்லை, காலையில் அங்கே இருபது நாய் நின்றால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வருகிறது. இதெல்லாம் சரியாகும் என்று காத்திருந்தால் ராக்கிக்குக் கிழடு தட்டிவிடும்.

தப்பித் தவறி நாய்ச்சண்டையில் உங்களுக்குப் பல் பட்டாலோ கீறினாலோ, அது ராக்கியின் பல்லாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ராக்கியைத் தெருநாய் கடித்தால் அவனுக்கும் உடனே ஊசி, போன வருடம் போட்டாச்சு என்று விட்டுவிடக்கூடாது.

இப்போது அந்த 45 நாள். நாய்ப் பயிற்சியாளர் என்று போர்டு மாட்ட நம் ஊரில் எந்தப் படிப்பும் தேர்வும் கட்டாயமில்லை. ஒரு ஷெட், பத்துக் கூண்டு, ஒரு யூடியூப் சேனல் போதும். அங்கே மூடிய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் திரும்பி வருகிற நாயைப் பார்த்தால் எனக்குத் தெரியும்: கழுத்தில் முள் சங்கிலி குத்திய புள்ளி, அல்லது கரண்ட் பட்டை உரசிய புண், ஒரு கூடை உண்ணி, அப்புறம் அப்படி ஒரு அமைதி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், நாய் குலைப்பதே இல்லை. பயம் போகவில்லை அம்மிணி, பயத்தைச் சொல்வதுதான் நின்றுபோயிருக்கிறது. இன்னொரு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த நாய்தான் வலியைக் கொண்டுவருகிறது என்று அவன் முடிவு கட்டிவிடுவான். குலைக்காத நாய் ஒருநாள் சொல்லாமல் கடிக்கும். போதாததற்கு, அவன் அந்த ஷெட்டில், அந்த ஆளுக்குப் பணிந்ததெல்லாம் உங்கள் வீதி முக்குக்கு வந்ததும் செல்லாது. பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, உங்கள் கையில் கயிற்றைக் கொடுத்து, உங்கள் ரோட்டில் சொல்லிக்கொடுக்கிறவராக இருக்க வேண்டும். “தப்புச் செய்தால் நாயை என்ன செய்வீர்கள்” என்று கேளுங்கள், பதிலில் சங்கிலி, கரண்ட், ‘யார் தலைவன்னு காட்டணும்’ என்று எது வந்தாலும் வணக்கம் சொல்லிவிடுங்கள். விதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும், துணைக்கு இன்னொரு நாய் வாங்கினால் சரியாகிவிடும், ஆன்லைனில் ஒரு சிரப் இருக்கிறது என்று வருகிறவர்களுக்கும் அதே வணக்கம்.

இந்த வாரம் ராக்கியை இரண்டு நாள் வெளியே கூட்டிப்போகாதீர்கள். ஒரு சண்டைப் பதற்றம் உடம்பிலிருந்து இறங்கவே ஒன்றிரண்டு நாள் ஆகும், தினமும் பதறிக்கொண்டிருக்கிற நாய் எதையும் படிக்காது. வீட்டிலேயே தேங்காய் மஞ்சிக்குள்ளும் (நார்) தேங்காய்த் தொட்டிக்கு (சிரட்டை) அடியிலும் அவன் சாப்பாட்டை ஒளித்துவைத்து மோந்து தேடவிடுங்கள், அரைமணி நேரம் தேடினால் நடந்து வந்த களைப்பு வரும். அப்படியே ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டி இடுப்பு மூட்டு, காது, பல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், ஷெப்பர்டுக்கு இடுப்பு வலி ரொம்ப சகஜம், வலியோடு இருக்கிற நாய் யாரையும் கிட்டே விடாது. கால்நடை மருத்துவம் நான் படித்த காலத்தில் நாயின் மனசைப் பற்றி உருப்படியாக ஒரு மணி நேரம் பாடம் நடத்தவில்லை, அதனால் மருத்துவர் “சங்கிலி போடுங்க” என்று சொல்லிவிட்டால் வேறொருவரைப் பாருங்கள். பயம் ரொம்ப முற்றிப்போயிருந்தால் அதற்கு மாத்திரைகூட இருக்கிறது, மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும்.

அட்வான்ஸ் 5,000-ஐக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் போகட்டும், மிச்சம் 23,000 உங்களிடம்தான் இருக்கிறது.