பாபிலோன் மன்னர் ஹமுராபி ஆண்டது கி.மு. 1792லா, 1728லா?

1792–1750 என்றே போடுங்கள். ஒரு நூலில் அப்படியும் இன்னொன்றில் 1728–1686 என்றும் இருப்பதால் ஒன்று அச்சுப்பிழையாக இருக்குமோ என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. கழித்துப் பாருங்கள், இரண்டிலும் வித்தியாசம் சரியாக 64 வருஷம். அந்தக் கால ஆண்டுகளைக் கி.மு.வில் பொருத்த ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் உண்டு. முதலாவது நடுக் காலவரிசை, பரவலாகப் புழங்குவது. மற்றது குறுங் காலவரிசை.

பாபிலோனியர்கள் அப்போது ஆண்டுகளுக்கு எண் போடவில்லை, பெயர் வைத்தார்கள். ஹமுராபியின் 2ஆம் ஆண்டின் பெயர் 'நாட்டில் நீதியை நிலைநாட்டிய ஆண்டு' (நம்ம பிரபவ, விபவ மாதிரி சுற்றி வராது). அந்தப் பெயர்களின் வரிசைப் பட்டியல்கள் இருப்பதால் எந்த ஆண்டுக்குப் பின் எது என்று தெரியும், அது கி.மு. எத்தனை என்பதுதான் சிக்கல். ஹமுராபிக்குப் பின் நான்காவதாக வந்த அம்மிசதுகா காலத்து வெள்ளி கிரகக் குறிப்புகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். வெள்ளியின் தோற்றமும் மறைவும் ஏறக்குறைய 56, 64 ஆண்டுகளில் திரும்ப வருவதால் ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்திவிடுகிறது.

உங்கள் நூல் எந்தக் கணக்கு என்று பார்க்க, ஹிட்டைட்டுகள் (இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்டவர்கள்) பாபிலோனைப் பிடித்த ஆண்டைத் தேடுங்கள். 1595 என்றால் நடு, 1531 என்றால் குறு. 1651 என்றிருந்தால் நெடுங்கணக்கு.

ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள். ஹமுராபிக்கு முந்திய ஊர் நகர மன்னர் ஊர்-நம்மு 2112 என்று ஒன்றிலிருந்தும் ஹமுராபி 1728 என்று மற்றதிலிருந்தும் எடுத்தால் நடுவில் இல்லாத 64 வருஷம் முளைத்துவிடும். பிற்காலப் பாபிலோன் மன்னர் இரண்டாம் நெபுகாத்நேச்சருக்கு இந்தத் தொல்லை கிடையாது, 605–562தான்.