பூச்சி மருந்து கொடுத்தும் பூனைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு ஏன் நிற்கவில்லை?

மதுரை செல்லூரில் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் எட்டு வாரக் குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுத்தும் இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பசும்பால் கொடுத்துவந்தால் இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை.

குட்டி சுறுசுறுப்பாக விளையாடியும், மலம் மட்டும் சளியோடும் சில நேரம் இரத்தக் கீற்றோடும் போகிறது என்றால், நான் முதலில் ஐயுறுவது காக்சிடியா என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியைத்தான்; உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கும் பைரான்டெல் அதை ஒன்றும் செய்யாது. ஜியார்டியா என்னும் இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணியையும் அது ஒன்றும் செய்யாது. ஆகவே காலையில் போன மலத்தை மூடியுள்ள சுத்தமான டப்பாவில் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் கால்நடை மருத்துவமனையில் நுண்ணோக்கிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இந்த ஒட்டுண்ணிகள் விட்டுவிட்டே மலத்தில் வெளிப்படும் என்பதால், ஒருமுறை தென்படாவிட்டால் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். காக்சிடியா உறுதியானால், எடை பார்த்து டோல்ட்ராசுரில் அல்லது சல்ஃபா மருந்தை மருத்துவர் தருவார். மண் தட்டில் கிடக்கும் மலத்தை அன்றன்றே அகற்றாவிட்டால் தொற்று திரும்பவும் பற்றும்.

மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையைத் தயவுசெய்து நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஈறு வறண்டு விரலில் ஒட்டினாலோ, உடல் சில்லிட்டாலோ, வாந்தியோடு உணவையும் மறுத்தாலோ, பான்லுகோபீனியா என்னும் கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கலாம் என்பதால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.